மூடிய கதவும் தலைமை விமானியின் பொறுப்பும்

சிகிச்சை முடிந்து விமானத்தில் ஊர் திரும்பவிருக்கும் நோயாளியிடம் மருத்துவமனையில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகள் சில உண்டு. மருந்துகள் கைப்பையில் இருக்கின்றனவா? சக்கர நாற்காலிக்குச் சொல்லி வைத்தாயிற்றா? பயணத் தகுதிச் சான்றில் மருத்துவர் ஒப்பமிட்டுவிட்டாரா? இவை யாவும் விமானம் வானில் இருக்கும் நேரத்தை எண்ணிக் கேட்கப்படுபவை. ஆனால் நலிந்த உடலுக்கு மிகக் கடினமான நேரம் சில வேளைகளில் தரையிலேயே நேர்ந்துவிடுகிறது. எல்லாரும் ஏறிவிட்டனர், கதவு மூடப்பட்டுவிட்டது, விமானம் நகரவில்லை, வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே குளிர்சாதனம் போதவில்லை. அந்நிலையில் பயணிகளை இறக்கிவிடும் முடிவை எடுக்க வேண்டியவர் யார்? எப்போது எடுக்க வேண்டும்?

கதவு மூடிய விமானத்தில் இறுதி முடிவு தலைமை விமானியுடையது. அது அவ்வாறே இருப்பதுதான் முறை. ஆயினும் அம்முடிவை அவர் உரிய நேரத்தில் எடுக்க இரண்டு துணைகள் தேவை. ஒன்று, உள்வெப்பம் இந்த அளவைத் தாண்டினால் பயணிகளை இறக்கியே ஆக வேண்டும் என்று எண்ணால் வரையறுத்த எல்லை. மற்றொன்று, அவர் கதவைத் திறக்க முடிவெடுத்தால் படிக்கட்டையும் பேருந்தையும் வாயிலையும் தாமதமின்றி அளிக்கக் கடமைப்பட்ட விமான நிலையம். இவ்விரண்டும் இல்லாவிடில் அவருடைய அதிகாரம் ஏட்டளவில் நின்றுவிடும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலான பயணி விமானங்களில், பறக்கும்போது அறையைக் குளிர்விப்பதற்கான காற்று எஞ்சின்களிலிருந்து பெறப்படுகிறது. தரையில் எஞ்சின்கள் நின்றிருக்கையில், வால் பகுதியில் உள்ள சிறிய துணை எஞ்சின் அப்பணியைச் செய்யும். அல்லது விமான நிலையத்திலிருந்து பெரிய குழாய் வழியே குளிர்ந்த காற்று செலுத்தப்படும். துணை எஞ்சின் பழுதுற்றிருந்தாலும், மாற்று ஏற்பாடுகள் இருப்பின் விமானம் புறப்பட விதிகள் இடமளிக்கின்றன. அவ்வாறு இருக்கையில், தரைக் குழாயைக் கழற்றிய பின்னர் தாமதம் நேர்ந்தால் அறை விரைவாகச் சூடேறத் தொடங்கும். துணை எஞ்சின் செவ்வனே இயங்கும் விமானத்திலும் உச்சி வெயிலில் அதன் திறன் போதாமற்போவதுண்டு.

வெப்பத்தின் மற்றொரு ஊற்று பயணிகளே. அமைதியாக அமர்ந்திருக்கும் ஒருவருடைய உடல் ஏறத்தாழ 100 வாட் அளவு வெப்பத்தை வெளியிடுகிறது. 180 பேர் அமர்ந்த விமானத்தில் இது 18,000 வாட் ஆகிறது. 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் பதினெட்டை ஒரே அறையில் இடைவிடாது இயக்குவதற்கு இது ஒப்பாகும். விமானத்தின் உலோக மேற்பரப்பில் விழும் வெயிலும், உள்ளே இயங்கும் மின்கருவிகளின் சூடும் இதனோடு சேர்கின்றன. எல்லாருடைய மூச்சும் வியர்வையும் காற்றின் ஈரத்தைக் கூட்டுகின்றன. ஈரம் மிகுந்த காற்றில் வியர்வை உலர்வதில்லை. வியர்வை உலராவிடில் உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் முதன்மையான வழி அடைபட்டுவிடுகிறது.

ஒரே வெப்பம், வெவ்வேறு உடல்கள்

நலமான இளைஞருக்கு இது எரிச்சலூட்டும் ஒரு மணி நேரம், அவ்வளவே. அவருக்குப் பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு அது அவ்வாறு இருக்க வேண்டியதில்லை. முதியோருக்குத் தாக உணர்வு குறைவு. உடலில் நீர் குறைவதை அவர்கள் காலந்தாழ்த்தியே உணர்வர். இதயம் பலவீனமுற்றவர்க்கு, தோலுக்குக் கூடுதல் குருதியைச் செலுத்தி வெப்பத்தை வெளியேற்றும் வேலையே பெருஞ்சுமை. நீண்டகால நீரிழிவால் நரம்புகள் பாதிக்கப்பட்டோரில் சிலருக்கு வியர்ப்பது குறைந்துவிடும். தண்டுவடத்தில் காயமுற்றவர்களுக்குக் காயத்துக்குக் கீழே வியர்வை சரிவரச் சுரப்பதில்லை. டயாலிசிஸ் செய்துகொள்வோர் அளந்தே நீர் அருந்த வேண்டியவர்கள். "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்னும் பொதுவான அறிவுரை அவர்களுக்குப் பொருந்தாது. கைக்குழந்தைகளின் உடல் பெரியவர்களின் உடலைவிட விரைவில் சூடேறும்.

மருந்துகளும் இதில் பங்கு வகிக்கின்றன. சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள் உடலின் நீரைக் குறைக்கும். இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் வகை மருந்துகள், வெப்பத்துக்கு ஏற்பத் துடிப்பு கூடுவதைத் தடுக்கும். ஒவ்வாமைக்கும் மனநலத்துக்கும் தரப்படும் சில மருந்துகள் வியர்வையைக் குறைக்கும். இவற்றைக் கேட்டு அஞ்சி எவரும் மருந்தைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. தம் உடல் வெப்பத்தைத் தாங்கும் அளவு அடுத்தவருடையதைப் போன்றதன்று என்பதை அறிந்திருந்தால் போதும்.

தலைசுற்றல், குமட்டல், களைப்பு, மிகுந்த வியர்வை ஆகியவை முதல் எச்சரிக்கைகள். இந்நிலையில் குளிர்வித்தால் பெரும்பாலும் உடல் தேறிவிடும். பேச்சு குழறுதல், குழப்பம், நினைவு மங்குதல் ஆகியன தோன்றி, உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுமானால் அது வெப்பத் தாக்கம். உயிருக்கு ஆபத்தான அவசரநிலை. முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்குச் செல்லும் நேரம் ஆளுக்கு ஆள் வேறுபடும். எனவே அனைவரையும் ஒரே கடிகாரத்தால் அளப்பது மருத்துவ நோக்கில் போதுமானதாகாது.

சட்டம் தரும் அதிகாரம்

1963 ஆம் ஆண்டில் டோக்கியோவில் கையெழுத்தான பன்னாட்டு உடன்படிக்கை, பயணிகள் ஏறிய பின் வெளிக்கதவுகள் அனைத்தும் மூடப்பட்ட கணம் முதல், இறங்குவதற்காக ஏதேனும் ஒரு கதவு திறக்கப்படும் கணம் வரை, விமானத்தின் பாதுகாப்பையும் ஒழுங்கையும் காக்கும் சிறப்பு அதிகாரங்களைத் தலைமை விமானிக்கு அளிக்கிறது. இந்தியா 1975 ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளும், பொறுப்பிலுள்ள விமானிக்கே இறுதி அதிகாரம் என்கின்றன. சட்ட நூலில் ஐயத்துக்கு இடமில்லை. நடைமுறையில் அந்த அதிகாரம் எவ்வாறு தடுமாறுகிறது என்பதை வட அமெரிக்காவில் நிகழ்ந்த மூன்று நிகழ்வுகள் காட்டுகின்றன.

முதலாவது, 2009 ஆகஸ்டு 8 ஆம் நாள், மினசோட்டா மாநிலத்தின் ராசெஸ்டர் நகரில் நிகழ்ந்தது. புகழ்பெற்ற மேயோ மருத்துவமனை அமைந்த ஊர் அது. ஹூஸ்டனிலிருந்து மினியாபொலிஸ் நோக்கிச் சென்ற கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் சிறு விமானம் ஒன்று, இடி மழை காரணமாக நள்ளிரவுக்குப் பின் அங்கே திருப்பிவிடப்பட்டது. 47 பயணிகள் ஏறத்தாழ ஆறு மணி நேரம் அந்தச் சிறு விமானத்துக்குள்ளேயே விடியும்வரை அமர்ந்திருந்தனர். நிலையக் கட்டடம் அருகிலேயே இருந்தது. பயணிகளை இறக்கிவிட விமானத் தலைவர் திரும்பத் திரும்ப வேண்டினார். அங்கே பணியிலிருந்த மற்றொரு நிறுவனமான மெசாபா ஏர்லைன்ஸின் ஊழியரோ, பாதுகாப்புச் சோதனையாளர்கள் வீடு சென்றுவிட்டதால் இயலாது என்று மறுத்துவிட்டார். அம்மறுப்புக்கு விதியில் இடமில்லை என்று அரசு விசாரணையில் தெளிவாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை, சம்பந்தப்பட்ட மூன்று நிறுவனங்கள் மீது மொத்தம் 1,75,000 டாலர் அபராதம் விதித்தது. இங்கே அதிகாரம் உடையவர் சரியான முடிவையே எடுத்தார். அதை நிறைவேற்றும் படிக்கட்டும் வாயிலும் அவர் கையில் இல்லை.

இரண்டாவது, 2017 ஜூலை 31 ஆம் நாள், கனடாவின் ஒட்டாவா நகரில். பிரஸ்ஸல்சிலிருந்து மான்ட்ரியல் சென்ற ஏர் டிரான்சாட் விமானம், 300க்கும் மேற்பட்ட பயணிகளுடன் புயல்மழையால் அங்கே இறக்கப்பட்டது. எரிபொருள் நிரப்பிக்கொண்டு புறப்படுவது திட்டம். எரிபொருள் இதோ வந்துவிடும், புறப்பட்டுவிடலாம் என்ற எதிர்பார்ப்பிலேயே ஏறத்தாழ ஆறு மணி நேரம் கழிந்தது. கோடைக் காலம்; குளிர்சாதனமும் நின்றுபோயிற்று. இறுதியில் பயணி ஒருவர் தம் கைப்பேசியிலிருந்து அவசர உதவி எண்ணை அழைத்தார். கனடாப் போக்குவரத்து முகமை பொது விசாரணை நடத்தி, நிறுவனத்துக்கு 2,95,000 கனடிய டாலர் அபராதம் விதித்தது. இறக்கிவிடும் முடிவை விமானிகளின் விருப்பத்துக்கு மட்டும் விட்டுவிடாமல், நான்கு மணி நேரத்துக்குப் பின் அதைக் கட்டாயமாக்கித் தன் பயண நிபந்தனைகளில் எழுதுமாறும் ஆணையிட்டது. இங்கே எவரும் தீய எண்ணம் கொண்டிருந்தார் என்று சொல்வதற்கில்லை. "இன்னும் அரை மணி" என்னும் நம்பிக்கை ஒவ்வொரு முறையும் நியாயமாகவே தோன்றியிருக்கும். அத்தகைய அரை மணிகள் சேர்ந்தே ஆறு மணி நேரமாயின.

மூன்றாவது, 2023 ஜூலை 17 ஆம் நாள், லாஸ் வேகஸில். வெளியே வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருந்த அந்நாளில், அட்லாண்டா செல்லவிருந்த டெல்டா நிறுவன விமானத்தில் பயணிகளும் பணியாளர்களும் வெப்பத்தால் நலிவுற்றனர். சிலரை மருத்துவ உதவிக்காக இறக்க வேண்டியதாயிற்று. தரையில் காத்திருக்கும் நேரத்துக்கு எல்லை வகுத்த விதி அந்நாட்டில் 2010 ஏப்ரல் முதலே நடைமுறையில் இருந்தது. உள்நாட்டு விமானமாயின் மூன்று மணி, வெளிநாட்டு விமானமாயின் நான்கு மணி நேரத்துக்குள் பயணிகளுக்கு இறங்கும் வாய்ப்பளிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் உணவும் நீரும் தர வேண்டும். அவ்விதி இருந்தும் அந்நாள் அவ்வாறு கழிந்தது.

கடிகாரத்துடன் வெப்பமானியும்

மூன்று மணி நேர எல்லை பெரும் நன்மை செய்தது. அதனைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. 2019 ஆம் ஆண்டில் கனடாவும் அதே அளவை விதியாக்கியது. இயன்றவரை மாற்றுத் திறனாளிகளை முதலில் இறங்கவிட வேண்டும் என்றும் அங்கே எழுதப்பட்டுள்ளது. இரு நாடுகளும் அறைவெப்பத்தைப் பற்றியும் பேசுகின்றன. ஆனால் காத்திருக்கும் நேரத்துக்கு எண் தந்த அவை, வெப்பத்துக்கு எண் தரவில்லை. உகந்த வெப்பநிலை, தக்க குளிர்ச்சி என்னும் பொதுச் சொற்களோடு நின்றுவிட்டன. எது உகந்தது என்பதை நெருக்கடியான நேரத்தில், களைத்த ஒருவர் தனியே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

எண் இல்லாமலும் இல்லை. விமான அறையின் வெப்பம் 18 முதல் 24 டிகிரி வரை இருக்க வேண்டும், பொதுவாக 27 டிகிரியைத் தாண்டலாகாது என்பது அமெரிக்கக் குளிர்பதனப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் பரிந்துரை. அதனைச் சட்ட விதியாக்குமாறு அந்நாட்டு விமானப் பணியாளர் சங்கம் 2018 ஆம் ஆண்டிலேயே அரசிடம் கேட்டது. நாள்தோறும் அந்த அறையிலேயே பணிபுரிவோரின் கோரிக்கை அது.

எண்ணால் எல்லை வகுப்பது தலைமை விமானியின் அதிகாரத்தைக் குறைப்பதாகாதா என்று கேட்கலாம். மருத்துவமனை வாசகர்களுக்கு இதன் விடை அயலானதன்று. படுக்கையருகே தொங்கும் குறிப்பேட்டைப் பாருங்கள். குருதி அழுத்தம் இவ்வளவுக்குக் கீழே இறங்கினால், நாடித்துடிப்பு இவ்வளவுக்கு மேல் ஏறினால், மருத்துவரை உடனே அழைக்க வேண்டும் என்று செவிலியருக்கு எழுதி வைத்திருப்பர். அதனால் மருத்துவரின் அதிகாரம் குறைவதில்லை. நள்ளிரவில் எழுப்பலாமா, இன்னும் சிறிது நேரம் பார்க்கலாமா என்னும் தயக்கம் அகன்றுவிடுகிறது. எல்லைக்கு முன்பே செயற்பட மருத்துவருக்கு முழு உரிமை உண்டு. எல்லைக்குப் பின் தாமதிக்கத்தான் உரிமை இல்லை. விமானத்துக்கும் இம்முறையே ஏற்றது. முன்னறையின் குளிர்ச்சி வேறு, கடைசி வரிசையின் வெக்கை வேறு. பின்வரிசையில் வெப்பமானி ஒன்றும், அதைக் குறித்த நேரங்களில் படித்துச் சொல்லும் பணியாளர் ஒருவரும் இருந்தால், விமானி அறிந்து முடிவெடுப்பார்.

மறுப்புகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கதவைத் திறந்தால் புறப்பாட்டு வரிசையில் விமானம் தன் இடத்தை இழக்கும். பணியாளர்களின் பணிநேரம் முடிந்து பயணமே கைவிடப்படலாம். மறுநாள் டயாலிசிஸ் குறித்திருப்பவருக்கும், அறுவைச் சிகிச்சைக்கு நாள் பெற்றிருப்பவருக்கும் பயணம் நின்றுபோவதும் தீங்கே. எஞ்சின்கள் இயங்கும் ஓடுதளத்தில் மக்களை இறக்குவதில் ஆபத்தும் உண்டு. இவை மெய்யான இடர்கள். ஆயினும் இறக்குவது ஒன்றே வழியன்று. விமானத்தை வாயிலுக்குத் திருப்பித் தரைக் குழாயை மீண்டும் இணைக்கலாம். படிக்கட்டை வைத்துக் கதவைத் திறந்து காற்றோட்டம் தரலாம். நலிந்தோரை மட்டும் முதலில் இறக்கலாம். எல்லை எண் இருந்தால், இவற்றுள் ஏதேனும் ஒன்றை உரிய நேரத்தில் செய்யும் கட்டாயம் பிறக்கும்.

நம் நாட்டிலும் இக்கேள்வி எழுந்துள்ளது. 2024 மே மாத இறுதியில் தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ செல்லவிருந்த ஏர் இந்தியா விமானம் இருபது மணி நேரத்துக்கும் மேலாகத் தாமதமானபோது, அறையில் போதிய குளிர்ச்சி இல்லாததைக் குறிப்பிட்டு, சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் அந்நிறுவனத்திடம் விளக்கம் கோரியது. அதே ஆண்டு வசந்த காலத்தில், நெடுநேரம் விமானத்தில் காத்திருக்க நேர்ந்த பயணிகளைப் புறப்பாட்டு வாயில் வழியாகவே நிலையத்துக்குள் திருப்பி அனுப்பச் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் வழிவகுத்தது. ராசெஸ்டரில் அன்று அடைத்து நின்ற கதவு இத்தகையதே என்பதால், இது வரவேற்கத்தக்க முடிவு. வாயில் திறக்க வழி பிறந்துவிட்டது. எந்த வெப்பத்தில் திறந்தே ஆக வேண்டும் என்னும் எண் அதனோடு சேர வேண்டும். வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் சிகிச்சைக்காகச் சென்னைக்கு விமானத்தில் வந்து செல்வோர் பலர். கோடையில் கடலோரத்தின் ஈரவெப்பத்தை அறிந்த நாம் இதனைக் கேட்பதற்கு மிகுந்த உரிமை உடையவர்கள்.

பயணியும் உடன் செல்பவரும் செய்யக்கூடியவை

விதிகள் மாறும்வரை காத்திராமல் செய்யத்தக்கவை சில உண்டு. கோடையில் இயன்றவரை விடியற்காலை விமானத்தையே தேர்ந்தெடுங்கள். நோயையும் மருந்துகளையும் குறிக்கும் ஒரு பக்கச் சுருக்கத்தை மருத்துவரிடம் பெற்றுக் கைப்பையில் வையுங்கள். பயணத்துக்கு முன் நிறுவனத்தின் மருத்துவத் தகவல் படிவத்தை நிரப்பித் தருவது நலம். பாதுகாப்புச் சோதனை முடிந்தபின் குடிநீர் வாங்கிக்கொள்ளுங்கள். எவ்வளவு அருந்தலாம் என்பதை முன்னரே மருத்துவரிடம் கேட்டறியுங்கள். இன்சுலினைக் குளிர்காப்புப் பையில் வைத்திருங்கள். விசிறியும் ஈரத்துணியும் எளியவை, ஆயினும் பெரிதும் உதவுபவை.

ஏறியதும் பணியாளரிடம் உங்கள் நிலையை ஒரு வரியில் சொல்லிவையுங்கள். வெப்பம் கூடினால், மயக்கம் வரும்வரை பொறுத்திருப்பது பண்பு என்று எண்ணாதீர்கள். அழைப்புப் பொத்தானை அழுத்துங்கள். "இங்கே மிகவும் புழுங்குகிறது" என்பது குறை கூறுவதாக மட்டும் கேட்கப்படலாம். "என் தாயார் இதய நோயாளி, தலைசுற்றுகிறது என்கிறார், பேச்சு தடுமாறுகிறது, தயவுசெய்து இதைத் தலைமை விமானியிடம் உடனே தெரிவியுங்கள்" என்பது மருத்துவத் தகவல். முடிவெடுக்க வேண்டியவருக்கு வேண்டியது அத்தகவலே. இதற்கிடையில் ஆடையைத் தளர்த்தி, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்து, தலைக்கு மேலுள்ள காற்றுத் துளையைத் திருப்பிவிடுங்கள். சன்னல் மறைப்பை இறக்கலாமா என்று பணியாளரைக் கேளுங்கள். நினைவு தெளிவாக இருந்தால் மட்டுமே நீர் புகட்டுங்கள்.

எந்நிலையிலும் அவசரக் கதவைத் தாமாகத் திறக்க முயல வேண்டா. கதவோடு இணைந்த சறுக்குமெத்தை வெடிப்புடன் விரியும். உள்ளிருப்போருக்கும் கீழே நிற்போருக்கும் அதனால் காயம் நேரலாம். கதவைத் திறக்கும் பொறுப்பு ஒருவரிடம் இருப்பது எல்லாருடைய நலனுக்காகவே. அப்பொறுப்பை உடையவரை உண்மை நிலை விரைவாக எட்டச் செய்வது நம் கடமை. அவர் முடிவெடுத்தவுடன் அதை நிறைவேற்றுவது விமான நிலையத்தின் கடமை. எத்தனை டிகிரியில் அம்முடிவு கட்டாயமாகிறது என்பதை எழுதித் தருவது அரசின் கடமை. அடுத்த கோடைக்குள் அந்த எண் விதியில் இடம்பெற வேண்டும்.